சாமி அறைப் போத்தல்

ஸ்கந்தராஜாவின் வீட்டில் ஒரு வாய்க் கோப்பி குடிக்க வேண்டுமானால் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். குடிப்பதெல்லாம் பிறகு. கொட்டை எந்த நாட்டில், எந்த மலையில், எந்தப் பக்கத்துச் சரிவில் விளைந்தது, அதைக் கழுவிக் காய வைத்தார்களா தோலோடு காய வைத்தார்களா, வறுத்தவன் எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் முடிந்து, அரைத்து, மோந்து பார்த்து, உங்களையும் மோந்து பார்க்கச் சொல்லி, கண்ணாடிக் கூம்பில் காகித வடிகட்டியைப் பொருத்தி, அதை வெந்நீரில் நனைத்து, நனைத்த வெந்நீரைத் தொட்டியில் கொட்டி, பொடியைப் போட்டு, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்து, கொக்குக் கழுத்துக் கேத்தலை அவர் கையில் எடுக்கும்போது, பக்கத்து வீட்டுத் தாவூத் வழக்கமாக ஒரு தடவை கொட்டாவி விடுவார்.

"அண்ணே, நம்ம கடையில இப்படி ஊத்துனா, மொத கஸ்டமருக்குக் கோப்பி வர்றதுக்குள்ள அவரு பென்ஷன் எடுத்துருவாருலா."

தாவூத்துக்கு மார்க்கெட் பக்கம் சாப்பாட்டுக் கடை. பேச்சு முடிவதற்குள் நாலு கோப்பை தே தாரிக் தேநீரை நுரை பொங்க இழுத்துவிடுகிற கை அவருடையது.

"உங்க கடையில யாரு தாவூத் கோப்பி குடிக்கிறா? சீனியில்ல குடிக்கிறாங்க," என்பார் ஸ்கந்தராஜா, கையை நிறுத்தாமல். "இப்பப் பேசாதீங்க. பூத்துக்கிட்டு இருக்கு."

பூப்பது என்றால், சூடான தண்ணீர் பட்டதும் பொடி உப்பிக் குமிழி விடுவது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் தொலைபேசி அடித்தாலும் யாரும் எடுக்கக் கூடாது. மார்ஜரின் சேர்த்து வறுக்கிற வெள்ளைக் கோப்பியை வைத்துப் பிழைக்கிற ஈப்போவில் இருந்துகொண்டு, அதை 'வறுத்த மார்ஜரின்' என்று சொல்லக்கூடிய துணிச்சல் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அதையும் வீட்டுக்குள் இருந்துதான் சொல்வார்.

கொட்டையைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அவருக்குப் பேச்சு அதிகம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் கிந்தா ஆற்றின் மட்டத்தை அளந்து எழுதுகிற டெக்னீஷியனாக வேலை பார்த்தவர். இன்ஜினியர் ஆனது ஓய்வு பெற்ற பிறகு. சனிக்கிழமைதோறும் வீட்டில் அவர் போடுகிற கோப்பிக்கு வந்த யாரோ ஒருவர் "இன்ஜினியர் சார்" என்று கூப்பிட, அவர் மறுக்கவில்லை. அதோடு பதவி உயர்வு நிலைத்துவிட்டது. சட்டைப் பையில் பேனா போல ஒரு கருவி வைத்திருப்பார். தண்ணீரில் முக்கினால் அதில் கரைந்திருக்கிற உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண்ணாகக் காட்டும். ஒரு கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் வைத்த தம்ளரில் அதை முக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அன்றிலிருந்து, விருந்துக்குக் கிளம்பும் முன் அவர் மனைவி சரோஜாதேவி அவருடைய சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவாள்.

அந்த வீட்டின் கீழ் அறையில், சமையலறைக்கு அடுத்த சுவரோரம், சரோஜாதேவியின் அப்பா பொன்னுத்துரை படுத்திருந்தார். கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்தத் தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகி, இப்போது வீட்டுமனையும் ஆகிவிட்டது. அவர் மட்டும் பெரிய கிராணியாகவே இருந்தார். சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர், பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உறவுக்காரர்கள் ஊருக்குப் போகலாம் என்று கூப்பிடும்போதெல்லாம், "அங்க என்ன கிடக்கு? புழுதியும் வேலிச் சண்டையும்," என்று வாயை அடைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர், குளியலறையில் விழுந்து படுக்கையோடு ஆன பிறகு, ஒருநாள் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சரோ, எனக்குக் கீரிமலைத் தண்ணி ஒரு வாய் வேணும்."

கீரிமலை அவர் பிறந்த ஊருக்குப் பக்கம். கடலை ஒட்டிய ஊற்று; செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு முழுகி எழுகிற இடம். சரோஜாதேவி அழுதாள். அழுது முடித்து, தஞ்சோங் மாலிமில் விரிவுரையாளராக இருக்கும் அண்ணன் மகள் ரஜிதாவுக்குப் போன் போட்டாள். ரஜிதா விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகவிருந்தாள். போனாள், ஒரு பெரிய போத்தல் நிறைய ஊற்றுத் தண்ணீரைத் துவாலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தும் சேர்த்தாள்.

போத்தலைக் கிழவர் தடவிப் பார்த்தார். குடிக்கவில்லை.

"கடைசி வாய்க்கு வை, பிள்ளை. இப்ப குடிச்சா வீணாப் போயிடும்."

அதனால் போத்தல் சாமி அறைக்குப் போனது. முருகன் படத்துக்குப் பின்னால், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில். அதை யாரும் திறக்கப் போவதில்லை, திறக்கிற நாள் யாருக்கும் தெரியாது. ஸ்கந்தராஜாவின் மனதில் பிற்பாடு வேலை செய்தது இந்த இரண்டு விஷயங்களும்தான்.

*

ஸ்கந்தராஜா கோப்பிக்குச் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு சுண்ணாம்பு மலையின் அடியில் குழாய் வைத்து விட்டிருக்கிற ஊற்றிலிருந்துதான் தண்ணீர் பிடித்து வருவார். அந்த வாரம் மழை. குழாயில் செம்மண் வந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் ஷான் போன் செய்தான். ஷான், பழைய டவுனில் கோப்பிக் கடை வைத்திருக்கும் தாடிக்காரப் பையன். ஸ்கந்தராஜாவின் பேச்சை முழுதாகக் கேட்கக்கூடிய ஒரே ஆள்.

"அங்கிள், கேஎல்லேருந்து ஒருத்தர் வந்திருக்காரு. கோப்பிப் போட்டிக்கெல்லாம் ஜட்ஜா இருக்கிறவரு. உங்களப் பத்திச் சொல்லிட்டேன். நாளைக்குக் கூட்டிட்டு வாரேன், ஓக்கே தானே?"

ஓக்கேதான். தண்ணீர்தான் இல்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் அதிலேயே போட்டுக் கொடுக்க முடியாது. கடைப் போத்தல் தண்ணீரை மட்டமென்று சொல்லியிருப்பதும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை, சரோஜாதேவி குளிக்கப் போயிருந்த நேரத்தில் சாமி அறைக்குள் நுழைந்தார். அளவு மட்டும் பார்ப்போம் என்றுதான் நுழைந்தார். முருகனிடமும் அப்படித்தான் சொன்னார். மூடியைத் திருகி, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, பேனாவை முக்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு. கோப்பிப் புத்தகம் கேட்பது நூற்றைம்பது. கார் பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் அவரிடம் எப்போதும் ஒரு கேன் இருக்கும். சரிபாதி கலந்தால் கணக்கு ஒட்டி வரும்.

மாமாவுக்கு ஒரு கரண்டிதானே வேண்டும் என்று நினைத்தார். இவ்வளவு பெரிய போத்தலில் ஒரு கரண்டி. மிச்சத்தை என்ன செய்வார்கள், செடிக்கு ஊற்றுவார்களா?

இப்படியாக, கீரிமலையும் கார் பேட்டரியும் கொக்குக் கழுத்துக் கேத்தலில் கலந்து கொதித்தன.

தலைநகரிலிருந்து வந்த அந்தக் கேஎல்காரர் கறுப்பு டீசட்டை போட்ட, அதிகம் பேசாத மனிதர். ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

"மல்லிகைப் பூ வாசம் இவ்வளவு தெளிவா வந்து நான் பாத்ததில்ல," என்றார். "சார், என்ன தண்ணி இது?"

வாழ்நாள் முழுக்க ஸ்கந்தராஜா காத்திருந்த கேள்வி. ஆற்று மட்டத்தை எழுதிக் கொடுத்த காலத்தில் ஓர் அதிகாரிகூட அவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டதில்லை.

"ஒரு ஊத்து," என்றார், குரலைத் தாழ்த்தி. "இடத்தச் சொல்றதுக்கில்ல."

ஷான் பெருமையில் தாடியைத் தடவினான். தாவூத் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"எனக்குக் கோப்பி மாதிரிதான் இருக்கு அண்ணே. நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பால் இருந்தா செடாப்பா, ருசியா இருக்கும்லா."

கேஎல்காரர் அடுத்த சனிக்கிழமை நண்பர்களோடு வந்தார். அதற்கடுத்த வாரம் அந்த நண்பர்கள் தங்கள் நண்பர்களோடு வந்தார்கள். எல்லோரும் கேட்டது கொட்டையை அல்ல, ஊற்றை. ஒவ்வொரு தடவையும் ஸ்கந்தராஜா சாமி அறைக்குப் போனார்; ஒவ்வொரு தடவையும், எடுத்த அளவுக்குச் சமையலறைக் குழாயிலிருந்து பிடித்து, பழைய மட்டம் வரை நிரப்பி வைத்தார். மட்டம் பார்ப்பதில் அவர் கை தேர்ந்தவர். முதலில் கணக்குப் போட்டார்: இன்னும் முக்கால் பங்கு கீரிமலைதான். பிறகு பாதி. பிறகு கால். அதற்குப் பிறகு கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டார். கடைசியாக ஒருநாள் வந்தவர்கள் அதிகமாகிப் போனதில் போத்தலை அடிவரை கவிழ்க்க வேண்டி வந்தது. அன்று இரண்டு பேர் தண்ணீரைப் புகழ்ந்து கைபேசியில் எழுதிப் போட்டார்கள். ஸ்கந்தராஜா குழாயைத் திறந்து போத்தலை முழுதாக நிரப்பி, முருகனுக்குப் பின்னால் வைத்தபோது, படத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

*

பொன்னுத்துரைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது ஒரு காலையில். டாக்டர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றார். மதியத்துக்குள் தஞ்சோங் மாலிமிலிருந்து ரஜிதா வந்துவிட்டாள். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். சரோஜாதேவி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு சாமி அறையிலிருந்து போத்தலை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டு வந்தாள்.

ஸ்கந்தராஜா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். சொல்லலாம். இப்போது சொல்லலாம். ரஜிதா மூடியைத் திருகும் வரை நேரம் இருந்தது.

ரஜிதா திருகிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"அத்தை, இது லூசா இருக்கே. நான் இறுக்கித்தானே மூடினேன்?"

எல்லோரும் போத்தலைப் பார்த்தார்கள். ஸ்கந்தராஜாவின் வாய் தானாகத் திறந்தது.

"காத்தழுத்தம்மா," என்றது அது. "பிளேன்ல ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்தம் மாறும். பிளாஸ்டிக் விரிஞ்சு சுருங்கும். மூடி தானா இளகிடும்."

"மாமா இன்ஜினியராச்சே," என்று யாரோ சொன்னார்கள். தலைகள் ஆடின.

சரோஜாதேவி வெள்ளிக் கரண்டியால் ஒரு வாய் புகட்டினாள். கிழவர் நாக்கைச் சப்பினார். கண்ணைத் திறந்து மகளின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஓம்," என்றார். "அதே தண்ணிதான்."

அறையே விம்மியது. ரஜிதா முகத்தை மூடிக்கொண்டாள். சரோஜாதேவி கரண்டியைக் கணவனிடம் நீட்டினாள். "நீங்களும் குடுங்க. அப்பாவுக்கு மூத்த மருமகன் நீங்கதானே."

அவர் குனிந்து கொடுத்தார். கொக்குக் கழுத்துக் கேத்தலை அரை மணி நேரம் பிடித்தாலும் அசையாத கை அவருடையது. பாதித் தண்ணீர் கிழவரின் கழுத்தில் வழிந்தது.

அன்று பொன்னுத்துரை சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. இரண்டாம் நாள் கஞ்சி கேட்டார். மூன்றாம் நாள், கஞ்சியில் உப்பில்லை என்று கத்தினார். சரோஜாதேவி போனை எடுத்து, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கீரிமலைத் தண்ணீரின் மகிமையைச் சொன்னாள். கோலா கங்சாரிலிருந்து ஒரு சித்தி, முட்டி வலிக்கு ஒரு கரண்டி வாங்கிப் போனார். தாவூத்தின் மனைவி ஜெய்னம்புகூட வேலி ஓரமாக வந்து, "அக்கா, அந்தத் தண்ணி நாங்க குடிக்கலாமா?" என்று விசாரித்தார். தன் வீட்டுக் குழாயிலும் அதேதான் வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அந்தச் சமயம் கார் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின கதவையே திரும்பக் கழுவினார்.

சனிக்கிழமைக் கோப்பியை நிறுத்திவிட்டார். ஷானுக்கு, மாமாவுக்கு முடியவில்லை என்று செய்தி அனுப்பினார். கேத்தலைத் துணியால் மூடி வைத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ பின்னால் நின்று கழுத்தைத் தொடுவது போல இருந்தது. சரோஜாதேவி அவரிடம் முன்னைவிட அன்பாக இருந்தாள். "அப்பாவுக்காக உங்க கோப்பியக்கூட விட்டுட்டீங்க," என்று ஒருநாள் அவருக்கு மீன் தலையை எடுத்து வைத்தாள். அந்தத் தலையை அவரால் தின்ன முடியவில்லை.

*

ஒரு சனிக்கிழமை காலை, சரோஜாதேவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கிழவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன, ஸ்கந்தராஜா, இண்டைக்கும் ஆலை ஓடேல்லையோ?"

கோப்பி அரைக்கிற சத்தத்தைத்தான் ஆலை என்பார்.

"இல்ல மாமா. ஆளுங்க வரல."

"ஆக்கள் வராட்டி என்ன? நான் இருக்கிறன்தானே. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தச் சுவருக்கு அங்கால நிண்டு தண்ணி, தண்ணி எண்டு பிரசங்கம் வைக்கிறீர். எனக்கொருக்காலும் தந்ததில்லை." கிழவர் சாமி அறைப் பக்கம் தாடையால் காட்டினார். "அந்தப் போத்தல்ல மிச்சம் கிடக்கு. அதில ஒரு கோப்பி போட்டுத் தாரும். எங்கட ஊர்த் தண்ணில உம்மட கோப்பி எப்பிடி இருக்குதெண்டு பாப்பம்."

ஸ்கந்தராஜா சாமி அறைக்குப் போனார். போத்தலை எடுத்தார். திரும்பி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, இது கீரிமலைத் தண்ணி இல்ல."

"பின்ன?"

"பைப்புத் தண்ணி. உள்ள இருந்தத நான் எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"கோப்பி போட." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அவருக்குத் தெரிந்தது. "வந்தவங்க நல்லா இருக்குன்னாங்க. திரும்பத் திரும்ப எடுத்தேன். எடுத்துட்டுக் குழாயில பிடிச்சு வச்சேன்."

வெளியே தெருவில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. கிழவர் அது தெருமுனையில் திரும்பும் வரை காத்திருந்தார்.

"அப்ப நான் அண்டைக்குக் குடிச்சது?"

"இந்த வீட்டுக் குழாய்த் தண்ணி, மாமா."

திட்டுவார் என்று ஸ்கந்தராஜா எதிர்பார்த்தார். தோட்டத்தில் கங்காணிகளையே நடுங்க வைத்த வாய் அது. திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. கிழவரோ போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது.

"அதே தண்ணிதான் எண்டு சொன்னன், என்ன?" என்றார் மெதுவாக. "அத்தனை பேருக்கு முன்னால."

"ஆமா மாமா."

"எனக்கு எங்க ஞாபகம்? நான் அதைக் குடிச்ச வயசென்ன? சரோ அப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டாள். என்னத்தைச் சொல்றது? சொல்லிட்டன்."

இருவரும் போத்தலைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

"சரி, விடும்," கிழவர் முன்னால் சாய்ந்தார். குரலில் திடீரென்று ஓர் ஆசை ஏறியது, பரீட்சைத் தாளை எட்டிப் பார்க்கிறவனுடைய ஆசை. "நீர் குடிச்சனீர்தானே. அசல் தண்ணி. உமக்குத்தான் நாக்கில என்ன பட்டாலும் கதை சொல்ல வருமே. சொல்லும். எப்பிடி இருந்தது?"

ஸ்கந்தராஜா வாயைத் திறந்தார். மல்லிகை, பாதாமிப் பழம், தேன், எலுமிச்சைத் தோல் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. எல்லாம் கொட்டையின் ருசி. அது விளைந்த எத்தியோப்பியாவின் ருசி. தண்ணீர்? ஊற்றிய ஒவ்வொரு தடவையையும் நினைவில் புரட்டிப் பார்த்தார். கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறார். பேனாவை முக்கியிருக்கிறார். பேட்டரித் தண்ணீரைக் கலந்திருக்கிறார். ஒரு தடவைகூட, ஒரு சொட்டுகூட, அதை அப்படியே நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

"நான் தண்ணியாக் குடிக்கல மாமா."

"என்ன?"

"தனியா குடிச்சுப் பாக்கல. கோப்பியாத்தான் குடிச்சேன். அளவு மட்டும் பாத்தேன்."

"என்ன அளவு?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

கிழவர் அந்த எண்ணை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்.

"அது என்ன ருசி?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஸ்கந்தராஜாவின் தலை குனிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்தப் பேனா நழுவி விழப் பார்த்தது. அதை எடுத்து நாற்காலிக்கு அடியில் போட்டார். கண் எரிந்தது. துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது, அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை என்று.

"சரி, கோப்பியப் போடும்," என்றார் கிழவர் கடைசியில். "பைப்புத் தண்ணிலயே போடும். சீனி போடும். ரெண்டு கரண்டி."

தராசை எடுக்கவில்லை. காகிதத்தை நனைக்க மறந்தார். பொடி பூத்ததா இல்லையா என்று பார்க்கவில்லை. சீனியைச் சரோஜாதேவி எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியாமல் நாலு டப்பாக்களைத் திறந்து பார்த்தார். கிழவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தார்.

வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"சரோவுக்கு நீரே சொல்லும்," என்றார் கிழவர். "நான் சொன்னா மூளை குழம்பிப் போச்செண்டுவாள்." இன்னொரு வாய் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார்: "நான் பொய் சொன்னத மட்டும் சொல்லாதேயும். நான் நம்பினதாவே இருக்கட்டும்."

ஸ்கந்தராஜா போத்தலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். சரோஜாதேவி கீரைக் கட்டும் மீன் பையுமாகப் படியேறி வந்தவள், முதலில் அவர் கையைப் பார்த்தாள். பை கீழே விழுந்தது.

"அப்பா?"

"இருக்காரு. கோப்பி குடிச்சிட்டு இருக்காரு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு திரும்பி வந்தது. முகத்தில் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது.

"ஐயோ, ஒரு நிமிஷம் என்னைக் கொன்னுட்டீங்க." பிறகு அவள் கண் மறுபடியும் கீழே இறங்கியது. "அப்புறம் ஏன் அந்தப் போத்தல் உங்க கையில இருக்கு?"

"சரோ, இங்க வந்து உக்காரு," என்றார். தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆட்களை உட்கார வைப்பது அவர் வழக்கம்தான்.

சரோஜாதேவி உட்காரவில்லை. சிதறின மீனையும் எடுக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.